ஏறுவரிசை, இறங்குவரிசை, ஏறுவரிசை

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தெட்டு.
நகராட்சிக்கு வரும் எல்லாப் புகாருக்கும் ஒரே அட்டவணை:
பள்ளம், நாய், முறிந்த கிளை,
இந்த மாதம் முழுக்க உறைந்த குழாய்.
ஒன்பது வருடத்தில் அறுபது லட்சம் வரிகள்.

கீழ்த்தளத்து அழைப்பு மையத்தில் ஓலேனா
தோளுக்கும் காதுக்கும் நடுவே
ஒரு கிழவரின் குரலை இடுக்கிக்கொண்டு
"இதோ, பார்க்கிறேன்" என்கிறாள்.
திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
பதினொரு விநாடி.
அவள் வானிலையைப் பற்றிப் பேசுகிறாள்.
இந்த ஊரில் வானிலையைப் பற்றிப்
பதினொரு விநாடிக்கு மேல் பேச ஒன்றும் கிடையாது.

இண்டெக்ஸ் இருக்கத்தான் இருந்தது.
போன வருடம் நானே எழுதியது.
வட்டாரம், அவசரம், அழைத்த நேரம் என்று
மூன்று பெயரைச் சொல்லி நிறுத்திவிட்டேன்.
திசை சொல்லவில்லை.
சொல்லாவிட்டால் எல்லாமே ஏறுவரிசை:
அவசரம் ஒன்று, மெல்லச் சொட்டுவது, முன்னால்;
அவசரம் ஐந்து, வீட்டில் கைக்குழந்தை,
எங்கோ கடைசியில்.

ஓலேனா கேட்பதோ வேறு.
வட்டாரம் அகரவரிசையில்.
அவசரம் மேலிருந்து கீழாக.
ஒரே அவசரக்காரர்களுக்குள்
முந்தி அழைத்தவர் முந்தி.

ஒரு நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்தும் புரட்டலாம்.
முழுக்க ஏறுவதை
முழுக்க இறங்குவதாய் வாசிக்கத்
தரவுத்தளத்துக்கும் தெரியும்.
ஆனால் ஒரு கால் ஏற, ஒரு கால் இறங்க வேண்டுமென்றால்
அதற்கான படியை
நாம்தான் கட்டித் தரவேண்டும்.
தராவிட்டால் அது ஒவ்வொரு முறையும்
எல்லாவற்றையும் அள்ளித் தரையில் கொட்டி
உட்கார்ந்து அடுக்கி
முதல் இருபதை நீட்டிவிட்டு
அடுக்கியதை மறந்துவிடும்.
கோபித்துக்கொள்ள முடியாது.

அந்த வரியின் முடிவில்
இறங்குவரிசைக்கான சொல்லைச் சேர்த்தேன்.
அடைப்புக்குறிக்குள் ஒன்றும் இடாமல் விட்டபோது
மூன்றுமே தலைகீழாகிவிட்டன,
நேற்று அழைத்தவர்
இன்று அழைத்தவரின் முதுகைப் பார்த்து நின்றார்.
நல்ல வேளை, சோதனைத் தளம்.
மெஹ்ரீன் பார்ப்பதற்குள் அழித்துவிட்டு
ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னேன்.
இறங்கவேண்டுமா?
இல்லை. ஆம். இல்லை.

"ரெண்டு நாள் வேலை இதுதானா?" என்றாள் மெஹ்ரீன்.
"நடுவில் இருப்பது" என்றேன்.

இரவு இரண்டு மணிக்கு, வீட்டிலிருந்தே ஏற்றினேன்.
பழைய இண்டெக்ஸை அழித்து
புதியது கட்டி முடிய
நாற்பது நிமிடம்.
சரிபார்க்க ஒரு கேள்வி:
எல்ம்வுட் வட்டாரம், முடியாத அழைப்புகள் எல்லாம்.
நாலு மில்லி விநாடியில் வந்து நின்றன.
இருநூற்றுப் பதினான்காவது வரியில்
அவசரம் இரண்டு,
செவ்வாய் மாலை ஆறு பன்னிரண்டு,
என் முகவரி.
மேலே இருநூற்றுப் பதின்மூன்று வீடுகள்.
கீழே செவ்வாய் ஆறு பதினைந்து,
பக்கத்துத் தெரு.
எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
கடையில் வாங்கிய கேனைச் சாய்த்துப்
பல் துலக்கிவிட்டுப் படுத்தேன்.

காலையில் லிஃப்டில் ஓலேனா.
பூட்ஸில் ஒட்டிய பனி தரையில் கரைந்துகொண்டிருந்தது.
இன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு
மனசு நல்லா இருக்கு போல என்றாள்.
ஆனா ஒண்ணு, என்றாள்,
முன்னெல்லாம் அது யோசிக்கிற நேரத்தில்
செத்துப்போன மனைவியைப் பற்றி, பூனையைப் பற்றி
ஏதாவது சொல்லி முடிப்பார்கள்.
இப்போ வாயைத் திறக்கும்போதே
அவர்கள் எண் வந்துவிடுகிறது.

நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் மாடி வந்தது.
இறங்கிவிட்டேன்.